கிழட்டுக் காருக்கு எந்த எண்ணெய்?

உங்கள் வீட்டில் ஒரு பழைய கார் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓடிய தொலைவைக் காட்டும் மீட்டர் ஓர் இலட்சத்தை எப்போதோ தாண்டிவிட்டது. எண்ணெய் மாற்றும் நாள் வருகிறது, பட்டறைக்குப் போகிறீர்கள். அங்கே நால்வர் இருந்தால் நான்கு யோசனைகள் கிடைக்கும். "வண்டிக்கு வயசாயிடுச்சு, கெட்டி ஆயிலா ஊத்துங்க" என்பார் ஒருவர். "ஆயில் எப்படிக் கறுத்துப் போச்சு பாருங்க, இது மட்டமான சரக்கு" என்பார் மற்றொருவர். "இத்தனை வருஷம் எதை ஊத்தினீங்களோ அதையே ஊத்துங்க, புதுசா எதையாவது ஊத்தினா உள்ளே இருக்கிற அழுக்கெல்லாம் கிளம்பி அடைச்சுக்கும்" என்பார் மூன்றாமவர். நான்காமவர் சற்றுப் படித்தவர்: "சிந்தெடிக் மட்டும் வேண்டாம் சார், பழைய வண்டியிலே ஒழுகும்."

இவர்களில் எவரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு யோசனைக்கும் பின்னால் ஏதோ ஒரு காலத்து எஞ்சினும், அக்காலத்து எண்ணெயும் இருக்கின்றன. அந்த எஞ்சினும் எண்ணெயும் மாறிவிட்டன; யோசனை மட்டும் வாய்வழியாக நின்றுவிட்டது. எது இன்றும் செல்லும், எது செல்லாது என்று பிரித்தறிய வேண்டுமானால், மசகெண்ணெயின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும்.

வண்டி மையும் விளக்கெண்ணெயும்

எண்ணெயால் தேய்மானம் குறையும் என்பது நம் வண்டிக்காரர்கள் நெடுங்காலமாக அறிந்த செய்தி. மாட்டு வண்டியின் கடையாணியைக் கழற்றி, சக்கரத்தைச் சற்று வெளியே இழுத்து, வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த மையை இருசில் தடவுவார்கள். மசகு என்று அந்த மையைத்தான் சொன்னார்கள். இன்று நாம் எழுதும் 'மசகெண்ணெய்' என்ற கலைச்சொல் வண்டிப்பாதையிலிருந்து வந்ததே. விளக்கெண்ணெயைத் தேர்ந்ததிலும் பொருள் உண்டு. தாவர எண்ணெய்களில் அது மிகவும் கெட்டியானது. உலோகத்தைப் பற்றிக்கொண்டு எளிதில் வழிந்து போகாது.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நீராவி எஞ்சின்கள் வந்தபோது அவற்றின் உருளைகளுக்கு விலங்குக் கொழுப்பை இட்டார்கள். கொதிநீராவியின் வெப்பத்தில் கொழுப்பு சிதைந்து அமிலமாகி, காக்க வேண்டிய உலோகத்தையே அரித்தது. 1859-ஆம் ஆண்டில் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் எட்வின் டிரேக் தோண்டிய கிணற்றில் கச்சா எண்ணெய் கிடைத்தது. அதற்கு நோய் தீர்க்கும் குணம் உண்டா என்று பார்க்கத் தொடங்கினார் ஜான் எல்லிஸ் என்ற மருத்துவர். மருந்தாக அது அவருக்குப் பயன்படவில்லை. ஆனால் அதிலிருந்து எடுத்த கனத்த எண்ணெய், நீராவி எஞ்சினின் வால்வுகளில் பிசுக்கும் அரிப்பும் இன்றி நன்றாக வேலை செய்தது. 1866-இல் நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டனில் அவர் தொடங்கிய தொழிலே பின்னாளில் 'வால்வோலின்' என்ற பெயர் பெற்றது.

விளக்கெண்ணெய் உடனே தோற்றுவிடவில்லை. 1899-இல் இலண்டனில் மசகெண்ணெய் நிறுவனம் தொடங்கிய சார்லஸ் வேக்ஃபீல்டு, 1909-இல் கார்களுக்கும் விமானங்களுக்குமாக ஆமணக்கு எண்ணெய் கலந்த ஒரு சரக்கை விற்றார். ஆமணக்கு எண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்தே அதற்குக் 'காஸ்ட்ரால்' என்று பெயரிட்டார். முதல் உலகப்போரில் பறந்த சுழல் எஞ்சின் விமானங்களில் விளக்கெண்ணெயே ஊற்றப்பட்டது. காரணம், அது பெட்ரோலில் எளிதில் கரைவதில்லை. எரியாத எண்ணெய் புகையாகவும் துளியாகவும் விமானியின் முகத்தில் அடிக்கும். அதை விழுங்கிய விமானிகளுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை, சிறு வயதில் பாட்டி கையால் விளக்கெண்ணெய் குடித்தவர்களிடம் கேட்டால் தெரியும்.

அதன் குறை வேறு. சூட்டில் நாள்பட இருந்தால் பிசினாக இறுகிவிடும். ஒவ்வொரு பறப்புக்குப் பின்னும் பிரித்துத் துடைக்கும் விமான எஞ்சினுக்கு அது பொருந்தும். மாதக்கணக்கில் பிரிக்காமல் ஓடும் காருக்குப் பொருந்தாது. களம் பெட்ரோலிய எண்ணெயின் வசமாயிற்று.

துள்ளி வெளியேறிய தக்கை

எண்ணெய் உள்ளே என்னதான் செய்கிறது? 1880-கள் வரை பொறியாளர்களுக்கே இது தெளிவாகத் தெரியாது. பரப்புகளை வழுவழுப்பாக்குகிறது என்று பொதுப்படச் சொல்லி வந்தார்கள்.

இங்கிலாந்தின் இயந்திரப் பொறியாளர் கழகத்திற்காக போஷாம்ப் டவர் என்பவர் இரயில் வண்டி அச்சுகளின் தாங்கிகளைச் சோதித்துக் கொண்டிருந்தார். அச்சின் அடிப்பாகம் எண்ணெய்த் தொட்டியில் அமிழ்ந்திருக்கும். மேலே பித்தளைத் தாங்கி அமர்ந்திருக்கும். அத்தாங்கியின் உச்சியில் எண்ணெய் விடுவதற்காக ஒரு துளை போட்டார். அச்சைச் சுழற்றியதும், எண்ணெய் உள்ளே இறங்குவதற்குப் பதில் துளை வழியாக மேலே பொங்கி வழிந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே வந்து விழுந்தது. மரக்கட்டையை அடித்து இறுக்கினார். அதுவும் மெல்ல மெல்ல வெளியேறிற்று. கடைசியில் அத்துளையில் ஓர் அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தார். தாங்கியின் மீது சுமத்தியிருந்த பாரம், பரப்பால் வகுத்தால், சதுர அங்குலத்திற்குச் சுமார் 100 பவுண்டுதான். அழுத்தமானியோ 200 பவுண்டைக் கடந்து, அளவின் எல்லைக்கே போய்விட்டது. இது 1883-இல் வெளிவந்த செய்தி.

இதன் பொருள் என்ன? அச்சும் பித்தளையும் ஒன்றையொன்று தொடவே இல்லை! சுழலும் அச்சு தன்னுடன் எண்ணெயை இழுத்துச் சென்று, ஆப்பு வடிவமான குறுகிய இடைவெளிக்குள் திணிக்கிறது. அங்கே பிறக்கும் அழுத்தமே பாரம் முழுவதையும் தாங்குகிறது. மழை நாளில் வேகமாகச் செல்லும் காரின் டயர், சாலைத் தண்ணீரின் மேல் மிதந்து வழுக்கிவிடுவதை நீங்கள் அறிவீர்கள். அதே இயக்கந்தான், அங்கே ஆபத்து, இங்கே காப்பு. மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்த ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் 1886-இல் இதற்கான கணிதச் சமன்பாட்டைத் தந்தார். இன்றும் தாங்கிகளை வடிவமைக்க அச்சமன்பாடே அடிப்படை.

உங்கள் காரின் கிராங்க் தண்டு இப்படித்தான் எண்ணெயில் மிதக்கிறது. வேகம் மிகுந்தால் எண்ணெய்ப் படலம் தடிக்கும். பாரம் மிகுந்தால் மெலியும். எண்ணெயின் பாகுநிலை, அதாவது அதன் கெட்டித்தன்மை, மிகுந்தால் மீண்டும் தடிக்கும். "பழைய வண்டிக்குக் கெட்டி ஆயில்" என்ற முதல் யோசனையின் வேர் இங்கே இருக்கிறது. தேய்ந்த தாங்கியில் இடைவெளி பெரிதாகி, எண்ணெய் பக்கவாட்டில் ஒழுகிப்போகிறது, அழுத்தம் விழுகிறது. கெட்டியான எண்ணெய் அவ்வளவு விரைவாக ஒழுகாது. நியாயமான வாதந்தான்.

ஆனால் எந்த அளவுக்கு? இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. குறுகிய இடுக்கின் வழியே ஒழுகும் எண்ணெயின் அளவு, இடுக்கின் அகலத்தின் மும்மடிக்கு ஏற்ப வளரும். பாகுநிலைக்கு எதிர் விகிதத்தில் குறையும். இடைவெளி இரு மடங்கானால் ஒழுகல் எட்டு மடங்கு. இனி எண்ணெயைப் பாருங்கள். சூடான எஞ்சினில், 100° செ.-இல், 40 என்ற எண்ணுடைய எண்ணெயின் பாகுநிலை சுமார் 14 சென்டிஸ்டோக்ஸ். 50 என்ற எண்ணுடையது சுமார் 18. ஏறத்தாழ 1.3 மடங்குதான் மிகுதி. இந்த 1.3 மடங்கு எவ்வளவு தேய்மானத்தை ஈடு செய்யும்? அதன் கனமூலம் 1.09. ஆகவே இடைவெளி நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருகியிருந்தால் சரிக்கட்டலாம். 30-ஆம் எண்ணிலிருந்து ஒரேயடியாக 50-க்குத் தாவினாலும் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் போகாது. உண்மையாகவே தேய்ந்துபோன தாங்கியில் இடைவெளி இரு மடங்காகியிருக்கும். அதை எந்த டப்பாவும் குணப்படுத்தாது. எஞ்சினைப் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

டப்பாவின் மேல் உள்ள எண்கள்

இந்த 30, 40, 50 எல்லாம் அமெரிக்க மோட்டார் வண்டிப் பொறியாளர் கழகம் வகுத்தவை. எஸ்.ஏ.ஈ. என்று டப்பாவில் காணும் எழுத்துகள் அக்கழகத்தைக் குறிக்கும். 1911-இல் தொடங்கிய இந்த வகைப்பாடு பலமுறை திருத்தப்பட்டு இன்றும் வழக்கில் உள்ளது. எண் பெரிதானால் எண்ணெய் கெட்டி என்பதற்கு மேல் அதில் இரகசியம் ஒன்றுமில்லை. எண்ணெயின் தரத்தை அந்த எண் சொல்வதாக நினைப்பது பரவலான தவறு.

தொல்லை என்னவெனில், எண்ணெய் சூட்டில் இளகும், குளிரில் இறுகும். 40-ஆம் எண் எண்ணெய் 100° செ.-இல் 14 சென்டிஸ்டோக்ஸ் என்றோம். அதே எண்ணெய் 40° செ.-இல் 140 அளவில் நிற்கும், பத்து மடங்கு. எல்லா எண்ணெயும் ஒரே அளவில் இளகுவதில்லை. 1929-இல் டீன், டேவிஸ் என்ற இருவர் இதை அளக்க ஒரு குறியீட்டெண் வகுத்தார்கள். மிகக் குறைவாக மாறும் பென்சில்வேனியா எண்ணெய்க்கு 100. மிகுதியாக மாறும் மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க்கு 0. இன்று நல்ல எண்ணெய்கள் 100-ஐத் தாண்டி 150-க்கு மேலும் போகின்றன.

பனி நாடுகளில் இரண்டு எண்ணெய்கள் வைத்திருந்தார்கள்: கோடையில் ஒன்று, குளிர்காலத்தில் ஒன்று. குளிர்கால எண்ணெயின் எண்ணுக்குப் பக்கத்தில் டபிள்யூ என்ற எழுத்து. இரண்டையும் ஒன்றாக்கியது பாலிமர் வேதியியல். நீண்ட சங்கிலி மூலக்கூறுகளை மெல்லிய எண்ணெயில் கரைத்தால், குளிரில் அவை சுருண்டு கிடக்கும். சூட்டில் விரிந்து எண்ணெய் அளவுக்கு மீறி இளகாமல் தடுக்கும். இவ்வாறு 1950-களில் பரவியவையே 10டபிள்யூ-30, 20டபிள்யூ-50 போன்ற இரட்டை எண் எண்ணெய்கள். இந்தச் சங்கிலிகளுக்கும் பலவீனம் உண்டு. பல்சக்கரங்களுக்கிடையில் நசுங்கினால் அறுந்துபோகும். 1959-இல் வந்த பிரிட்டிஷ் 'மினி' காரில் எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் ஒரே எண்ணெய். பாவம், அந்த எண்ணெய் பட்ட பாடு கொஞ்சமல்ல.

டபிள்யூ-வுக்கு முன் நிற்கும் எண் நமக்குத் தேவையா என்று நீங்கள் கேட்கலாம். 20டபிள்யூ எண்ணெயின் குளிர்ச் சோதனை உறைநிலைக்குக் கீழே 15 டிகிரியில் நடக்கிறது. 5டபிள்யூ-வின் சோதனை கழித்தல் 30-இல். சென்னையிலும் மதுரையிலும் அந்தக் குளிரைக் கனவிலும் காண முடியாது. ஆகவே 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 என்பவை நம் நாட்டில் பழகிப்போனதில் வியப்பில்லை. எனினும் விடியற்காலை 25° செ.-இல் கூட 5டபிள்யூ எண்ணெய் 20டபிள்யூ-வை விட மெல்லியது. விசையை முடுக்கியவுடன் மேலேறிக் கேம் தண்டை அடைவதில் முந்திக்கொள்ளும். எஞ்சினின் தேய்மானத்தில் பெரும்பகுதி முடுக்கும் அந்தச் சில விநாடிகளைச் சேர்ந்தது என்பதை மறக்கலாகாது. டவரின் தக்கையைத் தள்ளிய அழுத்தம், அச்சு சுழன்றால்தானே பிறக்கும்!

கறுத்துப்போனால் கெட்டதா?

1930-களில் அமெரிக்காவின் டீசல் டிராக்டர்களில் ஒரு நோய் கண்டது. பிஸ்டனின் வளையங்கள் கரியாலும் பிசினாலும் தம் காடிகளில் ஒட்டிக்கொண்டன, எஞ்சின் வலுவிழந்தது. எண்ணெயை எவ்வளவு சுத்திகரித்தாலும் தீரவில்லை. உலோகச் சோப்பு வகைகளைச் சிறிதளவு சேர்த்தபோது தீர்ந்தது. அழுக்கைக் கழுவி, அதை மீண்டும் படியவிடாமல் தன்னுள் மிதக்க வைத்திருக்கும் எண்ணெய் இவ்வாறு பிறந்தது. வேட்டியை வெளுக்கும் சோப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது.

வேட்டி வெளுக்கும்போது தண்ணீர் கறுக்கிறது. எண்ணெயும் அப்படியே. கழுவும் பொருளில்லாத பழங்காலத்து எண்ணெய் பொன்னிறமாகவே இருக்கும். கரியெல்லாம் எஞ்சினின் அடியில் களியாகத் தங்கிவிடும். பட்டறையில் இரண்டாமவர் பழிக்கும் கறுத்த எண்ணெய், பெரும்பாலும் தன் கடமையைச் செய்த எண்ணெய். நிறத்தைக் கண்டு தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஓடிய தூரத்தையும் கடந்த மாதங்களையும் எண்ணுங்கள்.

மூன்றாமவரின் அச்சமும் இக்காலத்தில் பிறந்ததே. இருபதாண்டு சாதா எண்ணெயில் ஓடிக் களி படிந்த எஞ்சினில் திடீரெனக் கழுவும் எண்ணெயை ஊற்றினால், களி கட்டியாகப் பெயர்ந்து எண்ணெய் உறிஞ்சியின் சல்லடையை அடைக்கக்கூடும், அடைத்தும் இருக்கிறது. நெடுநாள் கொட்டகையில் கிடந்த மிகப் பழைய வண்டி உங்களிடம் வந்தால், அடித்தொட்டியைக் கழற்றித் துடைத்த பிறகு புதிய எண்ணெய் ஊற்றுவது இன்றைக்கும் அறிவுடைமை. 1990-க்குப் பின் பிறந்த காருக்கு இந்த அச்சம் வேண்டியதில்லை. அது பிறந்த நாள் முதல் கழுவும் எண்ணெயிலேயே வளர்ந்தது. நிறுவனத்தை மாற்றினாலும் ஒன்றும் ஆகாது. தர எழுத்து சரியாக இருந்தால் போதும்.

அந்தத் தர எழுத்துகளைக் கொடுப்பது ஏ.பி.ஐ. எனப்படும் அமெரிக்கப் பெட்ரோலிய நிலையம். பெட்ரோல் எஞ்சினுக்குரியவை எஸ் என்ற எழுத்தில் தொடங்கும். இரண்டாம் எழுத்து நெடுங்கணக்கில் பின்னே போகப் போகப் புதியது: 2001-இல் எஸ்.எல்., 2004-இல் எஸ்.எம்., 2010-இல் எஸ்.என்., 2020-இல் எஸ்.பி., 2025-இல் எஸ்.கியூ. டப்பாவில் எஸ்.ஏ. என்று இருந்தால் அதைத் தொடாதீர்கள். அதில் துணைப்பொருள் எதுவும் இல்லை. 1930-க்குப் பின் கட்டிய எஞ்சினுக்கு அது தகாது என்று அந்த நிலையமே கூறுகிறது. மலிவு கருதி அதை வாங்குபவர் பிறகு கொடுக்கும் விலை பெரிது.

துத்தநாகம் தந்த காப்பு

எண்ணெய்ப் படலம் எல்லா இடத்திலும் நிற்பதில்லை. கேம் தண்டின் முனை, தட்டையான தட்டியின் மீது உரசிச் செல்லும் இடத்தில் பாரம் மிக அதிகம். அங்கே படலம் கிழிந்து உலோகம் உலோகத்தைத் தொடும். இங்கே பாகுநிலை உதவாது, வேதியியல்தான் உதவும்.

1940-களில் தாங்கிகளின் அரிப்பைத் தடுக்கவென்று எண்ணெயில் ஒரு துத்தநாகச் சேர்மத்தைக் கலந்தார்கள். துத்தநாக டைஆல்கைல் டைதையோபாஸ்பேட் என்பது அதன் நீண்ட பெயர். பட்டறையில் 'ஜிங்க்' என்றால் போதும். உரசும் இடத்துச் சூட்டில் இது சிதைந்து, உலோகத்தின் மேல் கண்ணாடி போன்ற ஒரு பாஸ்பேட் படலத்தைப் போடுகிறது என்பது பின்னரே தெரிந்தது. உரசலில் அழிவது அப்படலம், உலோகம் தப்புகிறது. அழிந்த இடத்தில் புதுப்படலம் வளர்கிறது. ஒரு வேலைக்காக அமர்த்திய ஆள் வேறொரு பெரிய வேலையில் கெட்டிக்காரன் எனத் தெரிந்த கதை இது.

பிறகு வந்தது புகை. 1975-ஆம் ஆண்டு மாடல் முதல் அமெரிக்கக் கார்களில் புகையைத் தூய்மைப்படுத்தும் வினையூக்கி மாற்றி பொருத்தப்பட்டது. நம் நாட்டில் 1995 ஏப்ரல் முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமாயிற்று. எண்ணெயில் உள்ள பாஸ்பரஸ் சிறிது சிறிதாகப் புகையில் போய் அந்த மாற்றியின் பிளாட்டினத்தை மூடிக் கெடுக்கிறது. எனவே மெல்லிய வகை எண்ணெய்களில் பாஸ்பரஸ் அளவுக்கு வரம்பு கட்டினார்கள். 1990-களின் தொடக்கத்தில் நூற்றுக்கு 0.12 பங்காக இருந்த உச்ச வரம்பு 2004-இல் 0.08 ஆயிற்று. புதிய கார்களில் தட்டையான தட்டிகளுக்குப் பதில் உருளும் தட்டிகள் பெருகியிருந்ததால் அவற்றுக்குக் குறை வரவில்லை. தட்டையான தட்டிகளோடு பிறந்த பழைய எஞ்சின்களை வைத்திருப்போர்தான் கவலைப்பட்டார்கள்.

நம் அம்பாசடர் இந்த இனத்தைச் சேர்ந்தது. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1957-இல் தொடங்கி 2014 வரை வெளிவந்த அந்தக் காரில் நெடுங்காலம் இருந்தது, பிரிட்டனிலிருந்து வந்த 1489 க.செ.மீ. எஞ்சின். பம்பாயில் பிறந்த பிரீமியர் பத்மினிக்கு இத்தாலியின் ஃபியட் 1100 மூலம். இரண்டிலும் கேம் தண்டு கீழே இருந்துகொண்டு தட்டிகளைத் தள்ளும். இவற்றில் ஒன்றை இன்னும் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு நற்செய்தி: மேற்சொன்ன பாஸ்பரஸ் வரம்பு எரிபொருள் சிக்கனத்துக்கான மெல்லிய கிரேடுகளுக்கே உரியது. 20டபிள்யூ-50 போன்ற கெட்டி எண்ணெய்களை அது கட்டுப்படுத்துவதில்லை. உங்கள் தாத்தா ஊற்றிய கிரேடே இன்றும் அந்த எஞ்சினுக்கு ஏற்றது. விலை உயர்ந்த 0டபிள்யூ-20 வாங்கி அம்பாசடருக்கு மரியாதை செய்ய நினைத்தால், கேம் தண்டு அதை மரியாதையாக எடுத்துக்கொள்ளாது.

சிந்தெடிக் ஒழுகுமா?

கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பது ஒரு வழி. நம் மணலி ஆலையில், 1969-இல் இயங்கத் தொடங்கியது முதல், மசகெண்ணெயின் மூலச்சரக்கு இவ்வழியில் ஆயிற்று. சிறு மூலக்கூறுகளைத் தேவைக்கேற்பக் கோத்து எண்ணெய் செய்வது இன்னொரு வழி, இதுவே சிந்தெடிக். ஜெட் விமானங்களில் தேறிய இது 1970-களில் அமெரிக்கக் கார்களுக்கு வந்தது.

வந்த புதிதில் தகராறு செய்தது உண்மை. எஞ்சினின் எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் இரப்பர் வளையங்கள், சாதாரண எண்ணெயைச் சற்று உறிஞ்சி உப்பியிருக்கும். அந்த உப்பலே இடுக்கை அடைத்தது. பாலிஆல்ஃபா ஓலிஃபின் என்ற சிந்தெடிக் எண்ணெயில் இரப்பர் உப்பவில்லை, சுருங்கியது. ஒழுகிற்று. சீக்கிரமே இரப்பரை உப்பவைக்கும் எஸ்டர்களை அளவோடு கலந்து இதைச் சரிசெய்துவிட்டார்கள். ஐம்பதாண்டுகள் ஆகியும் நான்காமவர் அதை மறக்கவில்லை, அவ்வளவே.

அதே எஸ்டர் தந்திரம் 2000-ஆம் ஆண்டில் வேறு வேடத்தில் திரும்பியது. வால்வோலின் நிறுவனம் 75,000 மைலுக்கு மேல், அதாவது சுமார் 1,20,000 கி.மீ.-க்கு மேல் ஓடிய கார்களுக்கென்று ஒரு தனி எண்ணெயை விற்கத் தொடங்கியது, மற்றவர்களும் தொடர்ந்தார்கள். இவ்வகை எண்ணெய்களில் இறுகிப்போன இரப்பரை இளக்கும் பொருள் சற்றுக் கூடுதலாக இருக்கும். கழுவும் பொருளும் கூடுதலாக இருக்கலாம். பாகுநிலை அந்த கிரேடுக்குரிய வரம்பின் மேல் விளிம்பில் இருக்கும். துளித்துளியாகக் கசியும் வண்டிக்கு ஓரளவு பலன் தரும். வெடித்துப்போன இரப்பரை எந்த எஸ்டரும் ஒட்டவைக்காது.

உங்கள் வண்டிக்கு வருவோம்

முதலில் காரோடு வந்த கையேட்டைத் தேடுங்கள். அதில் வெப்பநிலைக்கேற்ற கிரேடுகளின் பட்டியல் இருக்கும். பல கையேடுகள் ஒன்றுக்கு மேற்பட்ட கிரேடுகளை அனுமதிக்கின்றன. ஓர் இலட்சமோ இரண்டு இலட்சமோ ஓடிய வண்டி எண்ணெய் குடிக்காமலும் ஒழுகாமலும் எண்ணெய் அழுத்த விளக்கு எரியாமலும் இருந்தால், கிரேடை மாற்ற வேண்டிய காரணமே இல்லை. எஞ்சினுக்கு மீட்டர் தெரியாது. இடைவெளிகள் மட்டுமே தெரியும்.

எண்ணெய் குறைகிறது என்றால் எங்கே போகிறது என்று பாருங்கள். வண்டி நின்ற இடத்தில் கறை இருந்தால் ஒழுகல். நீலப்புகை வந்தால் எரிகிறது. நெடிய இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு வந்து மறுபடி மிதிக்கும்போது மட்டும் ஒரு கொத்து நீலப்புகை வந்தால், வால்வுத் தண்டுகளின் இரப்பர் மூடிகள் இறுகியிருக்கின்றன; செலவு கொஞ்சந்தான். ஏற்றத்தில் இழுக்கும்போதெல்லாம் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் வளையங்களை ஐயுறலாம். வளையம் தேய்ந்திராமல் கரியால் ஒட்டிக்கொண்டிருந்தால், உயர்ந்த தர எண்ணெயை உரிய காலத்துக்குச் சற்று முன்பாகவே இரண்டு மூன்று முறை மாற்றினால் சில வண்டிகளில் விடுபடும். கறுப்புப்புகைக்கும் எண்ணெய்க்கும் தொடர்பில்லை; அது பெட்ரோல் வீணாவது.

இவ்வளவுக்குப் பிறகும் எண்ணெய் குறைந்தால் ஒரு படி கெட்டியாகப் போகலாம்: 5டபிள்யூ-30 ஊற்றியவர் 5டபிள்யூ-40, 20டபிள்யூ-40 ஊற்றியவர் 20டபிள்யூ-50. பின் எண்ணை ஒரு படி உயர்த்துங்கள். முன் எண்ணை உயர்த்தாதீர்கள். இரண்டு படி தாவுவது, அதிலும் 2000-க்குப் பின் வந்த காரில், தீங்காகும். அவற்றில் வால்வுகளின் நேரத்தை மாற்றும் பொறி, எண்ணெயின் அழுத்தத்தாலேயே மெல்லிய துளைகள் வழியாக இயங்குகிறது; கூழ் போன்ற எண்ணெய் அங்கே நேரத்துக்குப் போய்ச் சேராது.

எண்ணெயோடு சேர்த்து ஊற்றச் சொல்லித் தனிக் குப்பியில் விற்கும் 'எஞ்சின் டானிக்' வகைகளுக்கு நான் காசு தரமாட்டேன். அவற்றில் பல, எண்ணெயில் முன்பே இருக்கும் கெட்டிப்படுத்தும் பாலிமரே. அந்தக் காசில் நல்ல வடிகட்டி ஒன்று வாங்கலாம். காலி டப்பாவைக் கடையில் விட்டு வராதீர்கள். கழிவெண்ணெயை வடித்து அதே டப்பாவில் நிரப்பி விற்கும் கைகள் இருக்கின்றன. உங்கள் கண் முன்னால் சீலை உடைத்து ஊற்றச் சொல்லி, காலி டப்பாவில் ஆணியால் ஓட்டை போட்டுவிடுங்கள்.

வாரம் ஒருமுறை, எஞ்சின் ஆறிய பின், சமதரையில் நிறுத்தி அளவுக்கோலை உருவிப் பாருங்கள். பழைய வண்டிக்கு இதைவிடப் பெரிய வைத்தியம் கிடையாது. இரண்டு கோடுகளுக்கு நடுவே எண்ணெய் இருக்க வேண்டும். கீழ்க்கோட்டுக்குக் கீழே இறங்கிய உயர்தர எண்ணெயைவிட, மேல்கோட்டில் நிற்கும் சாதாரண எண்ணெய் மேல். மேல்கோட்டைத் தாண்டவும் விடாதீர்கள். கிராங்க் தண்டு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரை எந்தத் தாங்கியையும் தாங்காது. பெட்ரோல் வாடை வீசினால் எரியாத பெட்ரோல் கலந்து எண்ணெய் நீர்த்திருக்கிறது. பால் விட்ட காப்பி நிறத்தில் குழம்பாக வந்தால் குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. அப்போது எந்த கிரேடு என்ற கேள்வியே எழாது. வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கை வரவழையுங்கள்.